முதல் பத்துப் படகுகள்

பழைய படகு ஒன்றைத் தேடிப் பிடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் பொறுமை வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் தபால்தலைதான் அதிகம் செலவாகும். துறைமுக அலுவலகங்களுக்கு எழுத வேண்டும். படகுச் சங்கங்களுக்கு எழுத வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் படகை யாருக்கோ விற்றவரின் மனைவிக்கு எழுத வேண்டும். பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தால் பெரிது. வந்த பதிலிலும் படகு இருக்காது, முழங்கால் வலி இருக்கும். அதையும் பொறுமையாகப் படித்து, விசாரித்து, மறுபடி எழுதினால் அடுத்த கடிதத்தில் படகு வரும்.

சார்ஜென்ட், நீங்கள் கேட்டது ஹெஸ்டர் லவலைப் பற்றி. படகைச் சொல்லாமல் அவளைச் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாட்டரல் என்பது ஆள் பக்கத்தில் போனாலும் பறந்துவிடாத ஒரு சின்னப் பறவை. அந்தப் பெயரில் இருபத்துநான்கடிப் பாய்மரப் படகு ஒன்றை, எஸ்ஸெக்ஸ் கரையில் நான் வேலை பார்த்த பட்டறையில் பதின்மூன்று வருஷம் செய்தார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படகுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பத்து மட்டும் தனி. அவை பட்டறைக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, ஒரு பழைய பார்லிக் கிடங்கில் பிறந்தவை. பக்கவாட்டில் ஒரே நீளச் சன்னல் இருக்கும். பதினொன்றாம் படகிலிருந்து அது இரண்டு சன்னலாகிவிட்டது. அந்த ஒற்றைச் சன்னலை அரை மைல் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவேன்.

பத்தொன்பது வருஷமாக டாட்டரல் உரிமையாளர் சங்கத்தின் பதிவாளர் நான்தான். முதல் பத்தும் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாமல் இருந்த காலத்தில் பொறுப்பேற்றேன். ஒன்றாம் எண் ஹாலந்தில் ஒரு பல் மருத்துவரிடம் இருந்தது. இரண்டாம் எண்ணை ஒரு பள்ளிக்கூடத்து மணல்தொட்டியில் கண்டேன், பிள்ளைகள் சுக்கானைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று அயர்லாந்தில். எட்டாம் எண் கேஸ் அடுப்பால் எரிந்துபோனது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

உண்மையில் நான் தேடியது பத்தையும் அல்ல. ஐந்து, ஆறு. இந்த இரண்டை மட்டும்தான். மற்றவை வழியில் அகப்பட்டவை.

பாய்மரப் படகின் வயிற்றுக்கடியில் கனமான இரும்புப் பாகம் ஒன்று தொங்கும், அதைக் கீல் என்போம். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகு திரும்ப நிமிர்வது அந்தக் கனத்தால்தான். டாட்டரலுக்கு அரை டன் கீல். எட்டு போல்ட்டுகள் அதைப் படகோடு பிடித்துக்கொள்கின்றன. படகின் உள்ளே ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை டன்னும் எட்டே புள்ளிகளில் இழுக்கும். படகின் உடம்பு வெறும் கண்ணாடி இழையும் பிசினும்தானே, நாளாவட்டத்தில் விட்டுவிடும்.

1968 ஜனவரியில் கண்காட்சிக்கு மூன்று படகுகள் போக வேண்டும். அதற்கு முந்தின வாரம் பனி கொட்டி ரோடு அடைத்துவிட்டது. தகடுகள் நான்கு மைல் தள்ளி ஒரு கொல்லன் பட்டறையில் தயாராக இருந்தன. எங்கள் மேஸ்திரி பாஸ்க் காய்ச்சலில் படுத்துவிட்டார். கீல் பொருத்தும் வேலை என் கையில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. நடந்து போயிருந்தால் ஒரு நாளில் போய் வந்திருக்கலாம். நான் டப்பாவிலிருந்த சாதாரண வாஷர்களைப் போட்டு முடுக்கி, மேலே பிசின் ஊற்றி மூடிவிட்டேன். பாஸ்க் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தார். மூன்று படகையும் சுற்றிப் பார்த்தார்.

"டேய் நெவில், மூணையும் முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு, மிஸ்டர் பாஸ்க்."

"நான் நின்னு விரட்டினாலே வாரத்துக்கு ரெண்டுதான்டா இறங்கும். நான் படுத்தா மூணு இறங்குதா? இனி மாசம் ஒரு தடவை காய்ச்சல்ல படுத்துக்கறேன் போ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தோளில் தட்டினார். "அடுத்த மேஸ்திரி நீதான். முதலாளிகிட்ட சொல்லியாச்சு."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

1975 ஆகஸ்டில் நான்காம் எண் படகு ஹாலந்து போகும் வழியில் காணாமல் போனது. அதில் கேரட் என்பவரும் அவர் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருந்தார்கள். கேரட்டின் உடல் மட்டும் கிடைத்தது. மூத்த மகள் ஐலீனுக்கு அம்மை போட்டிருந்ததால் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிதந்து வந்த மரக்கட்டையில் மோதியிருக்கலாம் என்று விசாரணையில் எழுதினார்கள். கடலில் மரக்கட்டைகள் மிதக்கத்தான் செய்கின்றன. நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் எண்ணை 2003-இல் நார்ஃபோக்கில் ஒரு பண்ணையில் கண்டுபிடித்தேன். கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. விலைக்கு வாங்கி, அந்த வயலிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்தேன். பிசினை உடைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் வெடிப்பு ஓடியிருந்தது, உறைந்த குளத்தில் கல் விழுந்தாற்போல. ஓர் இடத்தில் விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. பதிவேட்டில் 'பழுதானது, உடைக்கப்பட்டது' என்று எழுதினேன். யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்ட திருப்தி இருந்தது. இதை என் பக்கத்தில் எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மிச்சமிருந்தது ஆறாம் எண். பன்னிரண்டு வருஷம் தேடினேன். கடைசியில் அதுவே என்னைத் தேடி வந்தது.

2015 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

"டாட்டரல் நெவில்ங்கிறது நீங்கதானா? என் பேரு ஹெஸ்டர். உங்க ஆறாம் நம்பர் என்கிட்ட இருக்கு."

"எங்கே கிடைச்சுது?"

"லிங்கன்ஷயர்ல, ஒரு மதுக்கடைக்குப் பின்னாடி முள்ளுப் புதருக்குள்ள. உள்ள ஒரு நரி குடும்பமே நடத்திட்டிருந்துச்சு. காலி பண்ண மாட்டேன்னு ஒரே அடம்."

"நம்பர் தகட்டைச் சரியாப் பாத்தீங்களா? ஒன்பதா இருக்கும். தலைகீழாப் பாத்தா ஆறு மாதிரி தெரியும்."

"நெவில், நான் முப்பது வருஷமா ஊசி போடுற நர்ஸ். எது மேல, எது கீழன்னு எனக்குத் தெரியும்."

அப்போதே நல்ல விலை சொல்லிக் கேட்டேன். "விக்கறதுக்கா மூணு நாள் நரியோட மல்லுக்கட்டினேன்?" என்று சிரித்தாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். அதற்கும் சிரிப்புத்தான்.

கிராமம் கிராமமாகக் காரில் போய் வயதானவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலை அவளுக்கு. கணவன் இல்லை. ஒரே ஒரு அண்ணன், நியூசிலாந்தில். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் படகை ஏற்றி வைத்து மூன்று வருஷம் ஒரே ஆளாகச் சீர்செய்தாள். படகுக்குப் பழைய பெயரையே வைத்தாள், பென்னிராயல். நான் மாதம் இரண்டு ஞாயிறு போவேன். உள்தரையை அவள் பெயர்க்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் முதலில் போனேன். 'அது பழைய பிசின், ஒருமுறை கிளறினால் திரும்ப ஒட்டாது' என்று சொல்லி வைத்தேன். போகப்போக எனக்கே பிடித்துப்போயிற்று. அவள் இஞ்சிக் கேக் செய்வாள். என் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பாள். "நூத்தி அறுபது. யார் மேல கோவம்?" என்பாள். எனக்கு அப்படிக் கேட்க ஆள் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள்மேல் எந்தப் பகையும் இருந்ததில்லை.

இந்த மே மாதம் டாட்டரலுக்கு ஐம்பதாவது வருஷம். பழைய பட்டறை இருந்த கழிமுகத்திலிருந்து ஹார்விச் துறைமுகத்துக்கு அணிவகுத்துப் போவதென்று சங்கத்தில் முடிவாயிற்று. முதல் பத்தில் கடலில் இறங்கக்கூடியது பென்னிராயல் ஒன்றுதான். எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். அவள் என்றால் படகை. இங்கே படகையும் 'அவள்' என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏப்ரலில், விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஹெஸ்டர் கூப்பிட்டாள்.

"நெவில், உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

"திட்டக் கூடாது. உள்தரையைப் பேத்துட்டேன். ஓரமா ஈரம் கண்டுச்சு, மனசு கேக்கலை. போல்ட்டுக்கு மேல முடி மாதிரி விரிசல். உளி வச்சுத் தட்டினா உள்ள தகடே இல்லை. வெறும் வாஷர், காசு அகலத்துக்கு. எட்டுலயும் அதே கதை."

நான் திகைத்து நின்றேன் என்றோ, வார்த்தை வரவில்லை என்றோ சொன்னால் அது பொய். பதில் என்னிடம் தயாராக இருந்தது. எத்தனை வருஷமாகத் தயாராக இருந்தது என்பது அதைச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

"முதல் பத்தும் அப்பிடித்தான், ஹெஸ்டர். அப்பல்லாம் அடிப்பாகத்தை ரெண்டு மடங்கு கனமா வார்ப்போம். தகடே தேவைப்படலை. பின்னாடி முதலாளி பிசின்ல மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சார், அப்பத்தான் தகடு வந்துச்சு. நான் கையால செஞ்சது, எனக்குத் தெரியாதா?"

"அப்ப இந்த விரிசல்?"

"மேல்பூச்சுதான். ஐம்பது வயசாச்சே, சுருக்கம் விழாதா?"

"எனக்கு அம்பத்திநாலு. பாத்துப் பேசுங்க." நிம்மதியாகச் சிரித்தாள். பிறகு, "டக்கெட் ஒத்துக்க மாட்டேங்கிறான். போல்ட்டைக் கழட்டிப் பாத்தாத்தான் சர்டிபிகேட்டாம். கழட்டினா மாசம் ஓடிரும். விழா போச்சு" என்றாள்.

டக்கெட் படகுப் பரிசோதகர், நல்ல வேலைக்காரர். அவர் போல்ட்டில் கைவைத்தால் முதல் திருகிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"டக்கெட் நானூறாவது படகுக்கு அப்புறம் வந்தவர். இந்தப் பத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? நான் கடிதம் தரேன், சங்கத்துத் தாள்லயே. அதைக் காட்டுங்க."

அந்தக் கடிதத்தைத்தான் நேற்று என் முன்னால் வைத்தீர்கள். 'கட்டுமானத்தில் நேரடியாக ஈடுபட்டவன் என்ற முறையில், இப்படகின் கீல் பொருத்தம் பாதுகாப்பானது என உறுதி கூறுகிறேன்.' கையெழுத்து என்னுடையது. எழுத்துப்பிழைகூட இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் நான் அவளைத் தடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். விழாவுக்கு முந்தின நாள் ஏதாவது சாக்குச் சொல்லி, பாயைக் கிழித்தாவது தடுத்திருப்பேன். ஆனால் அதே வாரத்தில் அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"ஐலீன் கேரட் விழாவுக்கு வராங்க. நான்தான் கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"பாவம், நெவில். அவங்க வயசு அறுவதை நெருங்குது. அவங்க அப்பா கட்டையைக் கவனிக்காம மோதிட்டார்னு இன்னும் மனசுல வச்சிருக்காங்க. உங்க பதிவேட்டுல பாத்தேன், நாலு, அஞ்சு, ஆறு மூணும் ஒரே வாரத்துல கீல் பூட்டினது. உங்க கடிதத்தைப் பாத்துட்டு டக்கெட் விழா வரைக்கும் விட்டுட்டான். விழா முடிஞ்சு போல்ட்டைக் கழட்டட்டும். எல்லாத்தையும் படம் எடுத்து அளந்து, செய்தி மடல்ல போட்டு, ஐலீனுக்கும் ஒண்ணு அனுப்புவேன். படகு நல்லாத்தான் செஞ்சிருந்துச்சு, மோதினது யார் தப்பும் இல்லைன்னு அவங்களுக்கே தெரிஞ்சிரும்ல?"

அவள் மனதில் கள்ளமே இல்லை. என்னைச் சந்தேகிக்கவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். ஒரு மாதத்தில் அந்தப் போல்ட்டுகள் வெளியே வரும், டக்கெட் பார்ப்பார், ஐலீன் படிப்பாள். பதிவேட்டில் அந்த வாரத்தை எழுதி வைத்தவனே நான்தான். தேதிகளில் நான் எப்போதும் சுத்தம்.

'1968-இல் நடந்ததற்கு இப்போது யார் உங்களை என்ன செய்திருக்க முடியும்?' என்று நேற்றுக் கேட்டீர்கள். பாஸ்க் செத்து முப்பது வருஷமாகிறது, பட்டறையும் இல்லை. வழக்கு நிற்காது என்றும் சொன்னீர்கள். அது எனக்கும் தெரியும். முதலில் நான் உங்களுக்குச் சொன்ன காரணம், உறுப்பினர்களின் படகுகளுக்கு மதிப்பு போய்விடும் என்பது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஐலீன் ஒரு மரக்கட்டையோடு சமாதானமாகிவிட்டாள், அதைக் குலைப்பானேன் என்றும் சொன்னேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரவெல்லாம் யோசித்ததில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டு விருந்தில் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். யாரும் சொல்லி எழுவதல்ல, தானாக எழுவார்கள். 'முதல் பத்தைச் செய்தவர்' என்று புது உறுப்பினர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்கள். அதைப் பெரிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான் என்கிறேன்.

மே பன்னிரண்டாம் தேதி காலை, வடகிழக்கிலிருந்து காற்று. வானிலை அறிக்கை காற்றின் பலம் ஐந்து, சமயத்தில் ஆறு என்றது, சின்னப் படகுக்கு அது அதிகம். நீரோட்டம் வெளியே போகிற நேரத்தில் எதிர்க்காற்று அடித்தால் கழிமுகத்துக்கு வெளியே படகுகள் போகும் கால்வாயில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். படகு மேலே ஏறி 'தட்' என்று விழும். எட்டு மணிக்குப் பதினோரு படகுகள் கிளம்பின. ஹெஸ்டர் நங்கூரத்தை எடுக்கப் போனாள்.

நான் என் படகிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். "அவசரப்படாதீங்க. ஒன்பதுக்குப் போலாம். கூட்டத்தோட போனா படத்துல உங்க படகு தெரியாது. கடைசியாப் போனா தனியாத் தெரியும், நானே எடுக்கறேன்."

"படமா? அப்ப தலை சீவிக்கணுமே" என்றாள்.

ஐலீன் கரையில் நின்றுகொண்டிருந்தாள், நீல மழைக்கோட்டில். ஹெஸ்டர் அவளைப் படகுக்கு அழைத்ததையும், அவள் வேண்டாமென்று தலையாட்டியதையும் பார்த்தேன். அவள் சரி என்று ஏறியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். நான் அவளுக்கு அரை மைல் பின்னால். பத்தரைக்கு மழை இறங்கி முன்னால் போன படகுகளை மறைத்துவிட்டது. மூன்று படகுகள் கடல் சரியில்லை என்று திரும்பி வந்தன, எங்களைத் தாண்டிப் போகும்போது கையால் சைகை காட்டினார்கள். பதினொன்றே கால் இருக்கும், படகுக்குப் படகு பேசுகிற வானொலியில் ஹெஸ்டரின் குரல் வந்தது.

"நெவில், அடியில ஏதோ சத்தம் கேக்குது. அலைல விழும்போதெல்லாம் டொக்குங்குது."

"சங்கிலியா இருக்கும். பெட்டியில உருளும்."

"சங்கிலி முன்னாடி இருக்கு. இது என் காலுக்குக் கீழ."

"உள்ள தண்ணி இருக்கா?"

"கொஞ்சம். இருக்கறதுதானே? நானும் திரும்பிரட்டுமா? நீங்க சொல்லுங்க."

நீங்க சொல்லுங்க என்றாள். சார்ஜென்ட், அவளுக்கு என்னைவிடப் படகு ஓட்டத் தெரியும். ஆனால் அந்தப் படகைப் பொறுத்தவரை என் வார்த்தைதான் அவளுக்குக் கடைசி வார்த்தை.

"இந்தக் கடல்ல திருப்பினாத்தான் ஆபத்து. பாயைக் குறைக்காதீங்க, வேகம் இருந்தா அலையை வெட்டிட்டுப் போயிரும். இன்னும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்."

"சரி, மேஸ்திரி" என்றாள்.

பாயைக் குறைத்திருந்தால் தாங்கியிருக்கலாம். அதனால்தான் குறைக்க வேண்டாம் என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு பென்னிராயல் ஒரு பெரிய அலையின் மேல் ஏறி விழுந்தது. அப்புறம் சாய்ந்தது. சாய்கிற படகு ஓரிடத்தில் நிற்கும், நின்று யோசிப்பதுபோல் திரும்பி எழும். இது நிற்கவில்லை. பாய்மரம் தண்ணீரில் படிந்து அப்படியே உள்ளே போயிற்று. ஐந்தாறு விநாடி. வயிறு மேலே வந்தது, வழவழவென்று. கீல் இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

படகு மூழ்கிவிடும் என்று நினைத்திருந்தேன். நான்காம் எண் மூழ்கியது. ஆனால் முன்னும் பின்னும் மூடிய அறைகளில் காற்று அடைபட்டுவிட்டால், அடியில் ஓட்டை இருந்தாலும் கவிழ்ந்த படகு நாள்கணக்கில் மிதக்கும். மறுநாள் மண்திட்டில் ஒதுங்கியதையும், அடியில் எட்டு ஓட்டைகள் இருந்ததையும் நீங்கள் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் படகோடு பழகியவன் அதை யோசித்திருக்க வேண்டும்.

ஹார்விச்சில் சேர்ந்ததும் என்னிடம் கேட்டார்கள். "ஹெஸ்டர் எங்கே, நெவில்?" "திரும்பிப் போயிட்டாங்க. அந்த மூணு படகோட" என்றேன். அதனால் மாலை வரை யாரும் தேடவில்லை. மழையில் கண்ணுக்குத் தப்பிவிட்டாள், திரும்பியிருப்பாள் என்று நான் ஊகித்துச் சொன்னதாக உங்களிடம் முதல் நாள் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அதுவரைதான் கேட்டீர்கள். கடிதம் எழுதினேனா, போல்ட்டைப் பற்றி ஹெஸ்டரிடம் பொய் சொன்னேனா, படகு தாங்காது என்று தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் என் படகிலிருந்த வழிகாட்டிக் கருவியை உங்கள் ஆட்கள் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். படகு போன தடத்தை அது நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வைக்கும். இரண்டொரு நாளில் படித்துவிடுவார்கள். ஒரு கோடு நேராகப் போய், ஓரிடத்தில் நின்றுவிடுவதைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை.

நான் பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டுப் பக்கத்தில் போனேன். எழுபது, எண்பது கெஜம் இருக்கும். ஹெஸ்டர் கவிழ்ந்த படகின் மேல் ஏறியிருந்தாள். மிதவைச் சட்டை போட்டிருந்தாள். வழுக்குகிற இடம், பிடிக்க ஒன்றும் கிடையாது. போல்ட் இருந்த ஓட்டைகளில் விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தொட்டதும் அவளுக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கெட்டிக்காரி.

என் வானொலி வேலை செய்தது. கயிறும் இருந்தது, மிதவை வளையமும் இருந்தது. எதுவும் பழுதில்லை. எஞ்சினை நடுநிலையில் வைத்து, அலைக்கு முகம் கொடுத்து நின்றேன். அவள் ஏதோ கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம், எனக்குக் கேட்கவில்லை. கயிறு எடுக்கத்தான் தாமதம் என்று முதலில் நினைத்திருப்பாள். ஒரு கையை விட்டு உயர்த்தி ஆட்டினாள். நானும் கையை உயர்த்தினேன்.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. தண்ணீர் அன்று பதினோரு டிகிரி. குளிர் உடம்பில் என்னென்ன வரிசையில் வேலை செய்யும் என்பது ஒரு நர்ஸுக்குத் தெரிந்திருக்கும். நாற்பத்தோராவது நிமிஷம் ஓர் அலை வந்து போனபோது படகின் மேல் யாரும் இல்லை. அதன் பிறகுதான் நான் அங்கிருந்து கிளம்பினேன்.

அவள் அண்ணன் நியூசிலாந்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். அவரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் தங்கை கடலில் யாருமில்லாமல் தனியாகப் போகவில்லை. கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.